கழுத்தில் கட்டி, ரிப்போர்ட்டில் 'பி16 பாசிட்டிவ்': இதை எப்படிப் படிப்பது?

நுண்ணாடி · #1

தொண்டைப் புற்றுநோய் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் இப்போது பி16-இல் வந்து நிற்கிறது. 'பி16 பாசிட்டிவ், அப்போ எச்பிவி, அப்போ நல்ல வகை, அப்போ சிகிச்சையைக் குறைக்கலாம்' என்று ஒரே மூச்சில் நான்கு படி தாவிவிடுகிறார்கள். எச்பிவி என்பது ஹியூமன் பாப்பிலோமா வைரஸ்; பி16 என்பது கட்டித் திசுவில் நிறமூட்டிப் பார்க்கும் ஒரு புரதம். ஒவ்வொரு படியிலும் வழுக்கல் உண்டு. அதைப் பேசத்தான் இந்த இழை.

முதலில் இடம். வாய் வேறு, வாய்த்தொண்டை வேறு. டான்சில், நாக்கின் பின் மூன்றில் ஒரு பங்கு (அடிநாக்கு), மென் அண்ணம், தொண்டையின் பின்சுவர் ஆகிய நான்கும் சேர்ந்ததுதான் வாய்த்தொண்டை. எச்பிவி குடியிருப்பது பெரும்பாலும் டான்சிலிலும் அடிநாக்கிலும். கன்னம், ஈறு, நாக்கின் ஓரம் எல்லாம் வாய்க்குழி. அங்கே கதையே வேறு.

அடுத்து வகை. 200-க்கும் மேற்பட்ட எச்பிவி வகைகளில், எச்பிவியால் வரும் வாய்த்தொண்டைப் புற்றுநோயில் பத்துக்கு ஒன்பது 16-ஆம் வகைதான். கருப்பை வாயில் 18-க்கு இருக்கும் பங்கு இங்கே இல்லை. 6, 11 வகைகள் குரல்வளையில் மருக்களை உண்டாக்குபவை. இரண்டையும் ஒரே 'எச்பிவி பாசிட்டிவ்' பெட்டிக்குள் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

---

முதுநிலை_மாணவி · #2

சார், ஒரு அடிப்படைக் கேள்வி. பி16 என்பது கட்டியை அடக்கும் புரதம். புற்றுநோயில் அது குறையத்தானே வேண்டும்? இங்கே ஏன் ஏறுகிறது? பாடப்புத்தகத்தில் ஒரு வரியில் முடித்துவிட்டார்கள்.

---

நுண்ணாடி · #3

நல்ல கேள்வி. இது புரிந்தால் பி16 எங்கே பொய் சொல்லும் என்பதும் புரிந்துவிடும்.

செல் பிரிவதற்குப் போடப்பட்ட பூட்டு ஆர்பி புரதம். அது, செல் பிரிவைத் தூண்டும் ஈ2எஃப் புரதத்தைப் பிடித்து வைத்திருக்கும். பிரிய வேண்டிய நேரத்தில் சிடிகே4, சிடிகே6 நொதிகள் ஆர்பியைத் தளர்த்தும். அந்த நொதிகளைத் தடுப்பது பி16-இன் வேலை. பூட்டு ஒழுங்காக வேலை செய்யும் வரை பி16 உற்பத்தியை ஆர்பி அடக்கியே வைத்திருக்கும்.

வைரஸின் ஈ7 புரதம் நேராக ஆர்பியையே பிடித்துச் சிதைத்துவிடுகிறது. பூட்டே இல்லை. செல் பி16-ஐக் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது, ஆனால் அது தடுக்க வேண்டிய இடத்துக்குக் கீழே கதவு ஏற்கெனவே உடைந்து கிடக்கிறது. அதனால் பயனில்லை, நிறம் மட்டும் நன்றாகப் பிடிக்கிறது. கூடவே வைரஸின் ஈ6 புரதம் இன்னொரு வேலை செய்கிறது: செல்லின் சொந்த நொதி ஒன்றைத் துணைக்கு வைத்துக்கொண்டு, கட்டியை அடக்கும் இன்னொரு புரதமான பி53-ஐக் குப்பைக்கு அனுப்புகிறது.

புகையிலையால் வரும் கட்டியில் நடப்பது எதிர்மாறு. பி53 மரபணுவே மாறிப்போயிருக்கும். பி16-க்கான சிடிகேஎன்2ஏ மரபணு அறுந்தோ அணைந்தோ போயிருக்கும். ஆகவே பி16 நெகட்டிவ்.

இப்போது கவனியுங்கள்: ஆர்பி எந்தக் காரணத்தால் கெட்டாலும் பி16 ஏறும். வைரஸ் அதில் ஒரு காரணம் மட்டுமே. பி16 சாட்சி இல்லை, துப்பு.

---

செதில் · #4

டான்சில் ஏன் என்பதையும் சேர்த்துவிடலாம். டான்சிலின் மேற்பரப்பு வழவழப்பானது அல்ல. உள்ளே ஆழமாகப் போகும் மடிப்புக் குழிகள் உண்டு. அந்தக் குழிகளை மூடியிருக்கும் தோலிழை வலைபோல் இடைவெளி விட்டது, அடித்தளச் சவ்வும் விட்டுவிட்டுத்தான் இருக்கும். நோய் எதிர்ப்புச் செல்கள் உள்ளே வெளியே போய்வர இயற்கை வைத்த வழி. வைரஸுக்கு அடித்தளச் செல்லை அடைய காயமே தேவையில்லை.

இதற்கு இரண்டு நடைமுறை விளைவுகள். ஒன்று, சின்னக் கட்டியே சீக்கிரம் நிணநீர் கணுவுக்குப் போய்விடும். இரண்டு, கருப்பை வாயில் இருப்பது போல, கண்ணுக்குத் தெரியும் 'முன்நிலை' இங்கே கிடைப்பதில்லை. சுரண்டி எடுத்துப் பார்க்கும் பாப் பரிசோதனை மாதிரி ஒன்று தொண்டைக்கு இல்லாததற்குக் காரணம் சோம்பேறித்தனம் அல்ல. சுரண்டுவதற்கு எட்டும் இடத்தில் ஒன்றும் இல்லை.

---

கத்திமுனை · #5

கழுத்துக் கட்டியில் எங்கே சறுக்குகிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் நோயாளி முதலில் வந்து காட்டுவது அதைத்தான். தாடைக் கோணத்துக்குக் கீழே, கழுத்துக் கணுக்களின் இரண்டாம் மட்டத்தில், வலியில்லாத ஒரு உருண்டை. தொண்டையில் எதுவும் தெரியாது, குரல் மாற்றம் இல்லை, எடை குறையவில்லை. ஸ்கேன் எடுத்தால் உள்ளே நீர். 'பிறவி நீர்க்கட்டி' என்று எழுதி, திறந்து எடுத்துவிடுவார்கள்.

40 வயதுக்கு மேல் புதிதாக வந்த நீர்க்கட்டியைப் பிறவிக் கட்டி என்று நம்பாதீர்கள். எச்பிவி வகையின் கணுக்கள் உள்ளே கரைந்து நீர் கோப்பது வழக்கமான நடத்தை. வேறொன்று என்று நிரூபணமாகும் வரை அதைப் புற்றுநோய்க் கணுவாகவே நடத்துங்கள்.

வரிசை இதுதான்:

முதலில் மூக்கு வழியாக வளையும் எண்டோஸ்கோப்பி, கூடவே டான்சிலையும் அடிநாக்கையும் விரலால் அமுக்கிப் பார்ப்பது. அடிநாக்கில் கண்ணுக்குத் தெரியாதது விரலுக்குத் தட்டுப்படும். பலர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். பிறகு அல்ட்ராசவுண்ட் உதவியோடு ஊசி. நீரை உறிஞ்சினால் செல்லே இருக்காது. ஊசியைக் கட்டியின் சுவரிலோ உள்ளே துருத்தும் திடப் பகுதியிலோ குத்த வேண்டும். விடை கிடைக்காவிட்டால் மறுபடி ஊசி, அல்லது தடித்த ஊசி பயாப்ஸி. திறந்து எடுப்பது கடைசி.

மூலக்கட்டி (கணுவுக்குப் பரவிய கட்டி தொடங்கிய இடம்) தெரியவில்லை என்றால், சுறுசுறுப்பான திசுவை ஒளிரக் காட்டும் பெட்-சிடி ஸ்கேனை மயக்கமருந்து கொடுத்துச் செய்யும் பரிசோதனைக்கு *முன்* எடுங்கள். பயாப்ஸி எடுத்த புண் ஒளிர்ந்தால் அது கட்டியா காயமா என்று யாருக்கும் தெரியாது. அதன் பிறகும் கிடைக்கவில்லையா? அதே பக்க டான்சிலை முழுதாக எடுங்கள். கிள்ளி எடுக்கும் பயாப்ஸி, குழியின் அடியில் சில மில்லிமீட்டர் அளவில் ஒளிந்திருப்பதைத் தவறவிடும். தேவைப்பட்டால் அடிநாக்கு டான்சிலும்; ரோபோ அல்லது லேசர் வசதி இருந்தால் அது எளிது.

---

உயிரணு · #6

கத்திமுனை சார் சொன்ன ஊசி மாதிரியைப் பற்றி ஒரு எச்சரிக்கை.

திசுவில் பி16 பாசிட்டிவ் என்பதற்குக் கோடு தெளிவானது: கட்டிச் செல்களில் 70 சதவீதத்துக்குக் குறையாமல், கருவிலும் சைட்டோபிளாசத்திலும், நடுத்தரம் முதல் அடர்த்தி வரை நிறம் பிடிக்க வேண்டும். அமெரிக்க நோயியலாளர் கல்லூரி 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இது. அந்த 70 திசுத் துண்டுக்காக வகுக்கப்பட்டது. ஊசியில் வந்த செல்களைத் திரட்டிச் செய்யும் 'செல் பிளாக்'கில் அப்படியே ஒட்டவைக்க முடியாது. நீர்க்கட்டியிலிருந்து வரும் செல்களில் பாதி செத்திருக்கும், கெரட்டின் (தோலிலும் நகத்திலும் உள்ள புரதம்) துகள்கள் கிடக்கும், ஆல்கஹாலில் நிலைப்படுத்தியிருந்தால் நிறம் மங்கும். 30 சதவீதம் பிடித்திருப்பதைப் பார்த்து 'நெகட்டிவ்' என்று எழுதினால் ஒரு வைரஸ் கட்டியைத் தவறவிட்டிருக்கலாம்.

ஆகவே செல் பிளாக்குக்கு அந்தந்த ஆய்வகம் தன் முறையைத் தானே சரிபார்த்திருக்க வேண்டும். சந்தேகம் என்றால் அதே மாதிரியில் எச்பிவிக்கான நேரடிச் சோதனை. அதிலும் நெகட்டிவ் வந்தால் முடித்துவிடாதீர்கள், திசு கிடைத்ததும் மறுபடி பாருங்கள்.

இன்னொன்று: 'பேட்ச் பேட்சாக பாசிட்டிவ்', 'ஃபோகல் பாசிட்டிவ்' என்று ரிப்போர்ட் எழுதுபவர்களுக்கு ஒரு கும்பிடு. படிப்பவர் 'பாசிட்டிவ்' என்ற சொல்லை மட்டும்தான் எடுத்துக்கொள்வார். எத்தனை சதவீதம், எந்த அடர்த்தி என்று எழுதுங்கள்.

---

கன்னக்குழி · #7

வாய்க்குழி பார்ப்பவன் என்ற முறையில் ஒரு முறையீடு. கன்னத்திலோ நாக்கின் ஓரத்திலோ இருக்கும் கட்டிக்கு ஏன் பி16 கேட்கிறீர்கள்? அங்கே காரணம் புகையிலையும் பாக்கும் மதுவும். உண்மையான எச்பிவி பங்கு அங்கே ஒற்றை இலக்கச் சதவீதத்தில்தான். பாசிட்டிவ் வந்தாலும் சிகிச்சை மாறாது, நிலை பிரிப்பது மாறாது. நோயாளி மட்டும் இல்லாத நம்பிக்கையோடும் தேவையில்லாத வெட்கத்தோடும் வீட்டுக்குப் போவார். அதே 2018 வழிகாட்டுதலும் வாய்த்தொண்டைக்கு வெளியே வழக்கமாகச் செய்ய வேண்டாம் என்றுதான் சொல்கிறது.

---

செதில் · #8

கன்னக்குழியோடு முழு உடன்பாடு. தோலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முகத்திலும் உச்சந்தலையிலும் வெயிலால் வரும் செதில் செல் புற்றுநோய், வைரஸே இல்லாமல் பி16 பாசிட்டிவாக இருப்பது சாதாரணம். அது பரோட்டிட் (காதருகே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பி) கணுவுக்கோ கழுத்துக்கோ பரவினால், 'மூலம் தெரியாத கணு, பி16 பாசிட்டிவ், எனவே டான்சில்' என்று தவறான வீட்டுக் கதவைத் தட்டுவோம்.

கணுவில் பி16-ஐ நம்ப மூன்றும் சேர வேண்டும்: இரண்டாம் அல்லது மூன்றாம் மட்டக் கணு, கெரட்டின் இல்லாத உருவம், 70 சதவீதம். ஒன்று குறைந்தாலும் எச்பிவிக்கான நேரடிச் சோதனை செய்யுங்கள். கெரட்டின் இல்லாத கணுவில் பி16 நெகட்டிவ் என்றால் ஈபிவியையும் (எப்ஸ்டீன்-பார் வைரஸ்) பாருங்கள், மூக்குத்தொண்டையில் ஒளிந்திருக்கலாம்.

---

முதுநிலை_மாணவி · #9

நேரடிச் சோதனை என்கிறீர்கள். பிசிஆர் போதுமா, இன்சிட்டு ஹைப்ரிடைசேஷனா?

---

நுண்ணாடி · #10

பிசிஆர் என்பது மரபுப்பொருளைப் பலமடங்கு பெருக்கிப் பார்ப்பது; இன்சிட்டு என்பது திசுவில் செல் இருக்கும் இடத்திலேயே பார்ப்பது. பிசிஆர் டிஎன்ஏவை மட்டும் பார்த்தால் அளவுக்கு மீறிய கூர்மை. வாயில் சும்மா வந்துபோகும் வைரஸும் மாட்டும். வைரஸ் 'இருக்கிறது' என்பதும் 'வேலை செய்கிறது' என்பதும் ஒன்றல்ல. ஈ6, ஈ7-இன் எம்ஆர்என்ஏ (மரபணு இயங்கும்போது உருவாகும் நகல்) தெரிந்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம். அதை இன்சிட்டு முறையில் பார்த்தால், கட்டிச் செல்லுக்குள்ளேயே புள்ளிகள் தெரியும், சர்ச்சைக்கு இடமில்லை. பார்மலின் திசுவில் இப்போது இது செய்ய முடிகிறது.

இரண்டும் முரண்பட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2023-இல் லான்செட் ஆன்காலஜியில் வந்த பன்னாட்டுத் தொகுப்பு இருக்கிறது, 7,654 நோயாளிகள். பி16-உம் எச்பிவியும் ஒத்துப்போகாதவர்கள் 9.2 சதவீதம். ஐந்தாண்டு உயிர்வாழ்வு: இரண்டும் பாசிட்டிவ் 81.1 சதவீதம், இரண்டும் நெகட்டிவ் 40.4. பி16 மட்டும் பாசிட்டிவ் 54.7, எச்பிவி மட்டும் பாசிட்டிவ் 53.2. அதாவது பி16 பாசிட்டிவ் என்று சொல்லி அனுப்பப்பட்ட ஒருவர், வைரஸ் இல்லாதபோது, 81-க்கு அருகில் இல்லை.

எச்பிவி பங்கு குறைவாக உள்ள ஊர்களில் இந்த முரண் கூடுதலாக இருக்கும் என்பது கணக்குப்படியே வரும். புகையிலைக் கட்டிகள் அதிகமுள்ள இடத்தில் பி16 மட்டும் வைத்து முடிவெடுப்பது இன்னும் ஆபத்து.

---

நிலைக்கணக்கு · #11

புற்றுநோய் நிலைகளைப் பிரிக்கும் அமெரிக்கக் கூட்டுக்குழுவான ஏஜேசிசியின் எட்டாம் பதிப்பால் வந்த குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஒரே நோயாளி: 3 செ.மீ. டான்சில் கட்டி, அதே பக்கத்தில் ஒரே கணு, 4 செ.மீ. பி16 நெகட்டிவ் என்றால் அவர் 4ஏ நிலை. பி16 பாசிட்டிவ் என்றால் 1-ஆம் நிலை. கட்டி அதேதான், அட்டவணை மாறிவிட்டது.

பாசிட்டிவ் அட்டவணையில், சிகிச்சைக்கு முன்: அதே பக்கக் கணுக்கள் எத்தனை இருந்தாலும் 6 செ.மீ.க்குள் என்றால் என்1 ('என்' என்பது கணு நிலை). எதிர்ப்பக்கம் அல்லது இருபக்கம் என்றால் என்2. 6-ஐத் தாண்டினால் என்3. அறுவைக்குப் பிறகு எண்ணிக்கைதான் கணக்கு: நான்கு வரை என்1, ஐந்தும் மேலும் என்2. கணுவின் உறையைத் தாண்டிப் பரவியிருப்பது பாசிட்டிவ் அட்டவணையில் என் நிலையை மாற்றாது, ஆனால் சிகிச்சை முடிவை மாற்றும். இந்த இரண்டையும் போட்டுக் குழப்புகிறவர்கள் நிறைய.

இந்த நிலை, எவ்வளவு நன்றாக இருப்பார் என்பதைச் சொல்ல வந்தது. எவ்வளவு மருந்து கொடு என்று சொல்ல வந்ததல்ல.

---

கதிர் · #12

கடைசி வரிக்கு நன்றி. இப்போது என் பக்கம்.

வழக்கமான சிகிச்சை: 70 கிரே (கதிர்வீச்சு அளவின் அலகு), 35 தவணை, கூடவே சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து, மூன்று வாரத்துக்கு ஒருமுறை சதுர மீட்டருக்கு 100 மி.கி. மொத்தம் 200-ஐத் தொட்டால் போதுமானது என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறோம். வாராவாரம் 40 கொடுப்பவர்களும் உண்டு.

எச்பிவி வகை நன்றாகக் குணமாகிறது என்பது 2010-இல் ஆர்டிஓஜி 0129 ஆய்வில் தெளிவானது: மூன்றாண்டு உயிர்வாழ்வு 82.4-க்கு எதிராக 57.1 சதவீதம். அதிலேயே புகைப்பவருக்குப் பலன் குறைந்ததும் தெரிந்தது. கோடு 10 பேக்-ஆண்டு. (ஒரு நாளைக்கு 20 சிகரெட், ஒரு வருடம், அது ஒரு பேக்-ஆண்டு.) அன்றிலிருந்து 'குறைக்கலாமா' என்ற கேள்வி.

சிஸ்பிளாட்டினுக்குப் பதில் செட்டுக்சிமாப் என்ற இலக்கு மருந்தைப் போட்டுப் பார்த்தார்கள். ஆர்டிஓஜி 1016-இல் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 84.6-இலிருந்து 77.9-க்கு இறங்கியது. டி-எஸ்கலேட் ஆய்வில் இரண்டாண்டு உயிர்வாழ்வு 97.5-க்கு எதிராக 89.4, கடும் பக்கவிளைவும் குறையவில்லை. அந்தக் கதவு மூடியாயிற்று.

---

ரோபோக்கை · #13

ஆனால் கதிர், கதிர்வீச்சு அளவைக் குறைப்பது வேறு விஷயம்தானே? என்ஆர்ஜி எச்என்002 ஆய்வில் 60 கிரேயும் சிஸ்பிளாட்டினும் பெற்றவர்களில் 90.5 சதவீதத்தினருக்கு இரண்டாண்டு நோய் திரும்பவில்லை. நோய் முற்றாத, புகைக்காத ஆளுக்கு 70 எதற்கு? வாய் உலர்வும் விழுங்கும் சிக்கலும் வாழ்நாள் முழுக்க.

---

கதிர் · #14

அந்த 90.5-ஐ நம்பித்தான் எச்என்005 ஆய்வைத் தொடங்கினார்கள். அதிலும் 10 பேக்-ஆண்டுக்குள், நோய் முற்றாதவர்கள்தான். முடிவு 2024-இல் வந்தது. நோய் திரும்பாமல் இரண்டாண்டு: 60 கிரேயும் சிஸ்பிளாட்டினும் 88.6, 60 கிரேயும் நிவோலுமாப் என்ற நோய் எதிர்ப்பு மருந்தும் 90.3. ஒப்பீட்டுக்கு வைத்த 70 கிரே 98.1. குறைத்த பிரிவு மோசமாகப் போகவில்லை. வழக்கமான பிரிவு யாரும் எதிர்பார்க்காத அளவுக்கு நன்றாகப் போனது. 70 கிரே ஒப்பீட்டுப் பிரிவே இல்லாத இரண்டாம் கட்ட ஆய்வை வைத்து நடைமுறையை மாற்றினால் இதுதான் நடக்கும்.

விழுங்கும் சிக்கலைப் பற்றி உங்கள் கவலை நியாயம். ஆனால் அளவைக் குறைக்காமலே செய்ய வேண்டியவை இருக்கின்றன, அவைதான் அடிக்கடி விடுபடுகின்றன: பரோட்டிட்டின் சராசரி 26 கிரேக்குள், ஓரமாக ஒதுங்கிய டான்சில் கட்டிக்கு எதிர்ப்பக்கக் கழுத்தை விட்டுவிடுவது, பிடுங்க வேண்டிய பல்லைக் குறைந்தது இரண்டு வாரம் முன்னே பிடுங்குவது, விழுங்கும் பயிற்சியைச் சிகிச்சை *தொடங்கும் முன்பே* ஆரம்பிப்பது. சிஸ்பிளாட்டினுக்கு முன் செவித்திறன் சோதனை.

---

ரோபோக்கை · #15

சரி, அறுவை இல்லாமல் கொடுக்கும் கதிர்வீச்சில் ஒப்புக்கொள்கிறேன். அறுவைக்குப் பிறகு கொடுப்பதைப் பார்த்த ஈ3311 ஆய்வை விட்டுவிடாதீர்கள். நடுத்தர ஆபத்துக்காரர்களில் நோய் திரும்பாமல் இரண்டாண்டு: 50 கிரே 94.9, 60 கிரே 96.0 சதவீதம். பெரிய வித்தியாசம் இல்லை.

---

கதிர் · #16

ஒத்துக்கொள்கிறேன், அதையும் நிபந்தனையோடு. அது இரண்டாம் கட்ட ஆய்வு. ஆள்களும் பொறுக்கி எடுத்தவர்கள்: இரண்டு முதல் நான்கு கணு, உறைதாண்டல் 1 மி.மீ.க்குள், வெட்டிய விளிம்பில் கட்டி இல்லை, அல்லது விளிம்புக்கு நெருக்கம். அறுவை செய்தவர்களும் தகுதி சரிபார்க்கப்பட்டவர்கள். வெட்டிய பிறகு விளிம்பில் கட்டி நின்றால் அறுவை, கதிர்வீச்சு, கீமோ மூன்றும் ஒரே ஆளுக்குச் சேர்ந்துவிடும். குறைக்கப் போய்க் கூட்டிய கதை அது.

---

புதிய_வாசகர் · #17

நான் மருத்துவர் அல்ல, நோயாளிகளின் குடும்பத்தினருக்கு மொழிபெயர்ப்பில் உதவுபவர். துணைவருக்குத் தொற்றுமா, தடுப்பூசி இப்போது போடலாமா என்ற இரண்டையும்தான் எல்லோரும் கேட்கிறார்கள். வாய் கொப்பளித்து எடுக்கும் எச்பிவி பரிசோதனையும் விளம்பரத்தில் வருகிறது.

---

ஊசிமருந்து · #18

துணைவர்: பரவுவது பெரும்பாலும் வாய்வழிப் பாலுறவால். ஆனால் தொற்றுக்கும் புற்றுநோய்க்கும் நடுவில் பல பத்தாண்டு இடைவெளி. பெரும்பாலோர் உடல் ஓரிரு ஆண்டில் வைரஸை விரட்டிவிடும். நோயாளிகளின் நெடுநாள் துணைவரிடம் வாய்த் தொற்று மற்றவர்களைவிடக் கூடுதலாகக் காணப்படவில்லை. முத்தத்தை நிறுத்தவோ தட்டைப் பிரித்து வைக்கவோ தேவையில்லை. 'யாரிடமிருந்து வந்தது, எப்போது' என்பதற்கு எந்தச் சோதனையும் விடை தராது. இந்த வாக்கியத்தைக் கட்டாயம் மொழிபெயருங்கள், வீட்டில் நடக்கும் பாதிச் சண்டை அதில்தான். பெண் துணைவர் கருப்பை வாய்ப் பரிசோதனையை அவரவர் வயதுக்குரிய இடைவெளியில் செய்தால் போதும்.

தடுப்பூசி: உள்ளே குடியேறிய வைரஸை விரட்டாது, இருக்கும் கட்டியைக் குணப்படுத்தாது. ஒன்பது வகை ஊசியில் 16 உண்டு. அமெரிக்காவில் தலை-கழுத்துப் புற்றுநோய்த் தடுப்பையும் 2020-இல் அதன் பயன்பாட்டில் சேர்த்தார்கள். 9 முதல் 14 வயதில் இரண்டு தவணை, 6 முதல் 12 மாத இடைவெளி. 15-இலிருந்து மூன்று: 0, 1–2, 6 மாதம். 9 முதல் 20 வயதினருக்கு ஒரே தவணையும் போதுமானது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் ஏற்றது. எதிர்ப்புசக்தி குறைந்தவர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. இந்தப் புற்றுநோய் ஆண்களுக்குத்தான் அதிகம் வருகிறது, ஆகவே பையன்களை விட்டுவிடாதீர்கள்.

கொப்பளிப்புச் சோதனை: அமெரிக்காவில் 2009–10-இல் எடுத்த கணக்கில் 14 முதல் 69 வயதினரில் 6.9 சதவீதத்தினர் வாயில் ஏதோ ஒரு எச்பிவி இருந்தது. 16-ஆம் வகை 1 சதவீதம். அதில் மிகமிகச் சிலருக்கே புற்றுநோய் வரும், வந்தாலும் எங்கே தேடுவது என்று தெரியாது. பாசிட்டிவ் என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை. பணத்துக்குக் கவலையை வாங்குவது.

---

நெறியாளர் · #19

தனிப்பட்ட ரிப்போர்ட்டின் படங்களைப் பதிவிட வேண்டாம். இரண்டு நீக்கப்பட்டன.

---

முதுநிலை_மாணவி · #20

கடைசியாக ஒன்று. சிகிச்சை முடிந்து 12 வாரத்தில் பெட்-சிடி, கணு சுருங்கியிருக்கிறது, ஆனால் முழுதாகப் போகவில்லை, லேசாக ஒளிர்கிறது. கழுத்தை வெட்ட வேண்டுமா?

---

கதிர் · #21

எச்பிவி கணு மெதுவாகக் கரையும், நீர்க்கட்டி வகை இன்னும் மெதுவாக. சிகிச்சை முடிந்து 12 வாரம் ஆவதற்குள் எடுத்த பெட்-சிடியை நம்பி வெட்டினால், பல கழுத்துகளில் செத்த திசுதான் கிடைக்கும். கணு சுருங்கிக்கொண்டே வருகிறது, ஒளிர்வு மங்கல், வளரவில்லை என்றால் அல்ட்ராசவுண்டில் பார்த்துக்கொண்டு சில வாரம் கழித்து மறுபடி எடுக்கலாம். பளிச்சென்று ஒளிர்ந்தால், அல்லது வளர்ந்தால், காத்திருக்க வேண்டாம்.

ரத்தத்தில் சுற்றும் எச்பிவி டிஎன்ஏ சோதனை கிடைத்தால் இங்கேதான் கைகொடுக்கும். 2020-இல் வந்த 115 பேர் ஆய்வில், பின்தொடர்ந்த காலம் முழுக்க நெகட்டிவாகவே இருந்த யாருக்கும் நோய் திரும்பவில்லை. அடுத்தடுத்து இருமுறை பாசிட்டிவ் ஆனவர்களில் 94 சதவீதத்தினருக்குத் திரும்பியிருந்தது. ஒருமுறை பாசிட்டிவை வைத்து எதையும் செய்யாதீர்கள், மறுபடி எடுங்கள். சிகிச்சைக்கு முன் ஒரு மாதிரி எடுத்து வைத்திருந்தால்தான் இது அர்த்தப்படும். தொடக்கத்திலேயே அளவு தெரியாத கட்டி உண்டு, அதில் பின்னால் வரும் நெகட்டிவ் எதையும் சொல்லாது.

நுரையீரலையும் மறக்காதீர்கள். இந்த வகை திரும்பும்போது கழுத்தை விட்டுவிட்டு, சில வருடம் கழித்து, அங்கே போய் உட்காருவது உண்டு.

---

முதுநிலை_மாணவி · #22

சிகிச்சைக்கு முன் மாதிரி எடுக்கவில்லை என்றால்?

---

கதிர் · #23

பயாப்ஸி பிளாக்கில் எந்த எச்பிவி வகை என்று பார்த்து வையுங்கள். ரத்தச் சோதனை 16, 18, 31, 33, 35 ஆகியவற்றைத்தான் தேடும். அதற்கு வெளியே உள்ள வகை என்றால் அந்தச் சோதனையை எழுதவே வேண்டாம். எண்டோஸ்கோப்பும் விரலும் ஸ்கேனும்தான் வழி.